பெட்டிக்காரர் விரல்கள்: பிப்ரவரிக் குறிப்புகள்

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

காலையில் நாணமேடு போய்ப் பெரியப்பாவை வண்டியில் மஞ்சக்குப்பத்துக்கு அழைத்து வந்தேன். போன டிசம்பரில் தென்பெண்ணை பெருகி வந்தபோது அவருடைய ஆர்மோனியம் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. பலகை ஊதிவிட்டது, காற்றடிக்கும் துருத்தி பிரிந்துவிட்டது, பித்தளை நாக்குகளில் பச்சையாகக் களிம்பு. எங்கள் பக்கத்துக் கூத்தில் அதைப் பெட்டி என்றுதான் சொல்வார்கள், வாசிப்பவர் பெட்டிக்காரர். பெட்டி இப்போது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தச்சரிடம் இருக்கிறது. எப்போது கிடைக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் நெருக்கவில்லை.

பெரியப்பாவுக்கு 76 வயது. வலது கையில் நடுக்கம் வந்துவிட்டது. திரை பிடித்ததும், வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நிற்கும்போது வாசிக்கிற மெட்டு ஒன்று அவரிடம் இருக்கிறது. நாலு நிமிடம் வரும். முதல் பாதிக்குத் தாளம் கிடையாது, பிறகு தாளக்கட்டு. அவருடைய அப்பா விரல் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது. அதைப் பதிய வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பெட்டி நனைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

என் மிடி கீபோர்டைத் தரையில் ஒரு பலகைமேல் வைத்துக் கொடுத்தேன். "இதுல சத்தம் எங்கடா இருக்கு?" என்றார். இது சத்தத்தைப் பதிவதில்லை, உங்கள் விரல் எந்தக் கட்டையை எப்போது அழுத்தியது, எவ்வளவு வேகமாக அழுத்தியது, எப்போது எடுத்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது என்றேன். 1983-இல் வந்த முறை, இன்றும் அடிப்படை அதேதான். சத்தம் கணினிக்குள் இருக்கும் ஆர்மோனியத்திலிருந்து வருகிறது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான் கணக்குப்பிள்ளைகிட்ட வாசிக்கிறேன்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

மூன்று முறை வாசித்தார். மூன்றும் போய்விட்டன. ஐந்து நிமிடம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சுற்றும்படி லூப் போட்டிருந்தேன். மென்பொருள், திரும்பத் திரும்ப வாசிப்பதை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்கும் முறையில் இருந்திருக்கிறது. டிரம்ஸ் வாசிப்பவர்களுக்கு அது வசதி: ஒரு சுற்றில் கிக், அடுத்த சுற்றில் ஸ்னேர். பெரியப்பாவுக்கு? மூன்று பேர் ஒரே பெட்டியில் கை வைத்த மாதிரி ஒரு குவியல். எது எந்தச் சுற்றில் வந்த சுரம் என்று இனி பிரிக்கவே முடியாது. ஒவ்வொரு சுற்றையும் தனித்தனி டேக்காக, அதாவது தனிப் பதிவாக, அடுக்கும்படி மாற்றி வைத்துவிட்டேன். வாசிக்கிறவர் உட்காரும் முன்பே பார்த்திருக்க வேண்டிய விஷயம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று ஆறு டேக். எல்லாம் தனித்தனியாக, பத்திரமாக இருக்கின்றன.

எதுவும் முழுதாக இல்லை. முதல் டேக்கில் தொடக்கம் அபாரம், நடுவில் கை தடுமாறி நின்றுவிட்டார். நாலாவதில் நடுப்பகுதி அப்படியே கண்ணீர் வரவழைக்கிறது, முடிவில் இருமல். ஆகவே ஒட்டித்தான் ஆகவேண்டும். இதற்கு என்றே இப்போது வசதிகள் இருக்கின்றன. ஏபிள்டன் லைவ் 11 என்ற இசைப்பதிவு மென்பொருளில், 2021-இல், பல டேக்கிலிருந்து ஒன்றைக் கோர்க்கும் காம்பிங் வந்தபோது ஆடியோவோடு மிடிக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். ரீப்பர் 7 என்ற இன்னொரு மென்பொருளில் டேக்குகளை லேன்களாக, அதாவது வரிசைகளாக, அடுக்கி, பிடித்த துண்டுகளின்மேல் மவுஸை இழுத்தால் போதும். எல்லாவற்றிலும் ஒரே எண்ணம்தான்: டேக்குகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும், மேலிருந்து கீழாக வெட்டி, ஒவ்வொரு இடத்துக்கும் நல்லதை எடுத்துக்கொள்.

ஆனால் அது நடக்க, எல்லா டேக்கிலும் அதே நொடியில் அதே இடம் வந்திருக்க வேண்டும். கிளிக், அதாவது காதில் ஒரே வேகத்தில் தட்டும் தாள ஒலி, போட்டு வாசித்தால்தான் அது சாத்தியம். பெரியப்பா கிளிக்கை ஒரு நிமிடம் காதில் வைத்துக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். "திரைக்குப் பின்னால நிக்கிறவன் மூச்சு வாங்கி முடிக்கிற வரைக்கும் நான் இழுக்கணும். இது அதுக்குக் காத்திருக்குமா?" காத்திருக்காது. அதனால் முதல் டேக்கில் 48-ஆவது நொடியில் வரும் இடம் நாலாவதில் 55-ஆவது நொடியில் வருகிறது. இழுத்து வெட்டும் வசதி தாளமில்லாத முதல் பாதிக்கு உதவாது. ஒவ்வொரு டேக்கிலும் அவர் விரலைத் தூக்கி மூச்சு விடும் இடங்களில் குறி வைத்து, அடி அடியாக எடுத்துக் கோர்க்க வேண்டும். ஆறு டேக்குக்கும் குறி வைத்து முடிக்க இரவு பன்னிரண்டு ஆகிவிட்டது.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று ஐந்து டேக். மொத்தம் பதினொன்று. அவர் களைத்துவிட்டார், இனி கேட்கப் போவதில்லை.

இன்றைய பெரிய விஷயம் காற்று. செவ்வாயன்றே கேட்டார்: "விரலுக்கு வேல இருக்கு, என் இடது கைக்கு என்ன வேல?" ஆர்மோனியத்தில் கட்டையை எவ்வளவு பலமாக அழுத்தினாலும் சத்தம் கூடாது. கூட்டுவதும் குறைப்பதும் துருத்தி. கீபோர்டோ அழுத்தும் வேகத்தை 1 முதல் 127 வரை அளந்து அனுப்புகிறது, கை நடுங்கும்போது அந்த எண்கள் எகிறி எகிறிக் குதிக்கின்றன. அவற்றை எல்லாச் சுரத்துக்கும் 90 என்று சமமாக்கினேன். இதில் எனக்குச் சங்கடமே இல்லை, பெட்டிக்கு அந்த எண் தெரியவே தெரியாது. அதற்குப் பதில், இடது ஓரத்துச் சக்கரத்தை எக்ஸ்பிரஷனுக்கு, அதாவது வாசிக்கும்போதே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிடியின் 11-ஆம் கட்டுப்பாட்டுக்கு மாற்றி, இதுதான் உங்கள் துருத்தி என்றேன்.

சக்கரத்தை அவர் துருத்தி மாதிரியே முன்னும் பின்னும் ஆட்டினார். வருடக்கணக்கான பழக்கம், வேறு எப்படிச் செய்வார்? சத்தம் அலை அலையாக எழுந்து விழுந்தது. உண்மையான பெட்டிக்குள் இன்னொரு துருத்தி உண்டு. ஸ்பிரிங் அதை அழுத்திக்கொண்டிருப்பதால் வெளியே கை ஆடினாலும் உள்ளே காற்று ஓரளவு சீராக நிற்கும். அந்த உள்துருத்தி இங்கே இல்லை. 0 முதல் 127 வரை வருவதை 70-க்கும் 110-க்கும் நடுவில் சுருக்கிவிட்டேன். அவர் கை அப்படியே ஆடட்டும், சத்தம் கொஞ்சமாக மட்டும் அசையட்டும். மறுபடி வாசித்தார். "இப்ப காத்து வருது" என்றார்.

பிப்ரவரி 8, சனி

முதல் ஒட்டு. நாள் முழுக்க இதுவே.

முதல் டேக்கின் தொடக்கம், நாலாவதன் நடு, பிறகு எட்டாவது, பத்தாவது. கேட்டால் மூன்று இடத்தில் தவறு. ஒவ்வொன்றும் வேறு காரணம், எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஓரிடத்தில் நீளமான சட்ஜம் பாதியில் அறுந்து மறுபடி தொடங்கியது. ஒட்டு அந்தச் சுரத்தின் குறுக்கே போகிறது. இரண்டு துண்டையும் ஒரே பகுதியாகச் சேர்த்து, முதல் சுரத்தை இழுத்து நீட்டி, இரண்டாவதை அழித்ததும் சரியானது.

இன்னோரிடத்தில் சுரம் தொடங்கி உடனே செத்தது. அங்கே இரண்டு டேக்கும் இம்மி அளவு ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன, இரண்டிலும் அதே கட்டை. முதல் டேக்கின் 'விரலை எடு' என்ற கட்டளை, இரண்டாவது டேக்கில் அப்போதுதான் தொடங்கிய அதே சுரத்தையும் சேர்த்து நிறுத்திவிட்டது. மிடிக்கு ஒரு சேனலில், அதாவது ஒரு தடத்தில், அந்தக் கட்டை ஒன்றுதான், யார் விரல் என்று தெரியாது.

மூன்றாவதுதான் பாடாய்ப் படுத்தியது. பத்தாவது டேக்கின் துண்டு தொடங்கும் இடத்தில் சத்தம் கம்மிப்போய், அரை நொடி கழித்துத் திடீரென்று எழுந்தது. சக்கரம் அசையும்போதுதான் புதிய அளவு பதிவாகிறது. கடைசியாக வந்த அளவு, அடுத்தது வரும்வரை அப்படியே நிற்கும். நான் வெட்டிய இடத்துக்கு முன்னாலேயே அவர் காற்றை ஏற்றி முடித்துவிட்டார். அந்த ஏற்றம் வெட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட, முந்தைய டேக்கின் தேய்ந்த காற்றில் இந்த டேக்கின் சுரங்கள் ஒலித்தன. துண்டின் தலைப்பில் காற்றின் அளவைக் கையால் எழுதி வைத்தேன். சரியானது, ஆனாலும் எனக்குத் திருப்தி இல்லை. ஒவ்வொரு ஒட்டிலும் காற்று படிக்கட்டு மாதிரி ஏறி இறங்குகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

நேற்றிரவு தூங்கும் முன் சுத்தம் செய்தேன். நடுக்கத்தால் பக்கத்துக் கட்டையில் பட்ட குட்டிச் சுரங்கள் டேக் முழுக்கச் சிதறிக் கிடந்தன. 60 மில்லிநொடிக்குக் குறைவான எல்லாவற்றையும் தேர்ந்து ஒரே தட்டில் அழித்தேன். காலையில் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கொஞ்சம் தயங்கி, "நல்லாத்தான் இருக்கு தம்பி. என் விரலத்தான் காணோம்" என்றார்.

பெரியம்மா சுக்குக்காப்பி கொண்டு வந்து வைத்தார். ஆறிப்போகும் வரை நான் தொடவில்லை.

அகில இந்திய வானொலி 1940-இலிருந்து 1971 வரை ஆர்மோனியத்தைத் தள்ளி வைத்திருந்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, கட்டைக்குக் கட்டை நின்றுவிடும் இந்தக் கருவியில் கமகம் வராது, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போக முடியாது என்பது. வழுக்க முடியாதுதான். ஆனால் நல்ல பெட்டிக்காரர்கள் பக்கத்துக் கட்டையை ஒரு கணம் உரசிவிட்டு வந்து, வழுக்கின மாதிரி காதை நம்ப வைப்பார்கள். நான் அழித்தது அதைத்தான். அவருடைய கமகத்தை அழுக்கு என்று துடைத்திருக்கிறேன்.

அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தேன். இப்போது எது உரசல், எது நடுக்கம்? நீளத்தை வைத்துச் சொல்ல முடியாது, இரண்டும் 40, 50 மில்லிநொடிதான். அப்போதுதான் பதினொரு டேக்கையும் ஒன்றின் கீழ் ஒன்றாக விரித்து, ஒரே அடியைப் பதினொரு முறை பார்த்தேன். உரசல் எல்லா டேக்கிலும் அதே சுரத்துக்கு முன்னால், அதே பக்கத்திலிருந்து வருகிறது. நடுக்கம் ஒரு டேக்கில் இருக்கும், மற்றதில் இருக்காது. சில இடங்களில் அதே கட்டை இரண்டு முறை அடிபட்டிருக்கும், அதுவும் ஏதோ ஒரு டேக்கில் மட்டும். ஒருவர் பதினொரு முறையும் செய்தால் அது பிழை இல்லை.

இத்தனை நாளும் பல டேக் எடுப்பது நல்ல துண்டைப் பொறுக்குவதற்கு என்று நினைத்திருந்தேன். அவர் மனதில் மெட்டு எப்படி இருக்கிறது என்பதை எந்த ஒரு டேக்கும் முழுதாகச் சொல்லாது. பதினொன்றும் சேர்ந்துதான் சொல்கின்றன. தள்ளிவிட்ட டேக்குகள் இல்லாமல் போயிருந்தால் இன்று எனக்கு வழியே இல்லை. இனி எதையும் அழிப்பதில்லை. மிடி கோப்புகள் பதினொன்றையும் சேர்த்தால்கூட கைபேசியில் எடுத்த ஒரு படத்தின் அளவு வராது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பெரியப்பாவும் பெரியம்மாவும் ஜோதி பார்க்க வடலூர் போனார்கள். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன், நிற்கக்கூட இடமில்லை. வேலை எதுவும் செய்யவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

ஒட்டு முடிந்தது. தாளமில்லாத பகுதிக்கு ஐந்து டேக்குகளிலிருந்து எடுத்தவை. தாளக்கட்டுக்கு நான் ஜால்ரா தட்டியதைக் கேட்டுக்கொண்டே அவர் வாசித்திருந்தார், அதனால் அங்கே வழக்கம்போல மேலிருந்து கீழாக வெட்டினாலே பொருந்தியது. அரை மணி நேர வேலை. சுரங்களைத் தாளக் கட்டத்துக்கு இழுத்து நேராக்கும் குவாண்டைஸை எங்கேயும் தொடவில்லை.

மெட்டு நாலரைக் கட்டைச் சுருதியில் இருக்கிறது, மிடி எண்ணில் சட்ஜம் 66. கூத்தில் பெண் வேஷம் கட்டும் அண்ணன் ஒருவர் கேட்டுவிட்டு ஐந்தரையில் வேண்டும் என்றார். எல்லாச் சுரத்துக்கும் இரண்டைக் கூட்டியதும் 68-க்குப் போய்விட்டது, விரல் அதே விரல். அதைத் தனிக் கோப்பாக வைத்தேன்.

காற்று மட்டும் இன்னும் படிக்கட்டுதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

யோசித்துப் பார்த்து, ஒட்டிய மெட்டிலிருந்து காற்றை முழுக்க எடுத்துவிட்டேன். சுரங்கள் மட்டும். பெரியப்பாவை உட்கார வைத்து, "நீங்க வாசிக்க வேணாம் பெரியப்பா, வாசிச்சாச்சு. துருத்தி மட்டும் போடுங்க" என்றேன். வேறு டிராக்கில் 11-ஆம் கட்டுப்பாட்டை மட்டும் பதிய வைத்தேன். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் சக்கரத்தைப் பிடித்து, தன் விரல்களுக்குத் தானே காற்றுப் போட்டார். இடது கையில் நடுக்கம் இல்லை. நாலு நிமிடமும் நிற்காமல், ஒரே டேக். இரண்டு டிராக்கையும் சேர்த்து ஒன்றாக்கினேன். ஒட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்த எனக்கே அந்த இடங்கள் கேட்கவில்லை.

அவருக்கு ஓரிடம் மட்டும் கேட்டது. இரண்டாவது அடி முடியும் இடம், எட்டாவது டேக் தொடங்குமிடம். "இங்க வேஷக்காரன் காலைத் தட்டுவான். அதுக்கு இடம் விடு." அதற்குப் பிறகு வரும் எல்லாவற்றையும், காற்றோடு சேர்த்து, முக்கால் நொடி தள்ளி வைத்தேன். மறுபடி போட்டேன். அந்த இடம் வந்ததும் பாயில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். சரியாக விழுந்தது.