ஒரு மாதம், அன்னா ஃப்ராய்டோடு

ஜூன் 3

தாங்க முடியாததிலிருந்து மனம் தன்னையறியாமலே தன்னைக் காத்துக்கொள்வதுதான் 'தற்காப்பு'. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த சிக்மண்ட் ஃப்ராய்டு இந்தக் கருத்தை 1894-இலேயே ஒரு கட்டுரையில் எழுதிவிட்டார். அப்புறம் நெடுங்காலம் ஒடுக்கம் ஒன்றைப் பற்றியே பேசினார்: தாங்க முடியாத எண்ணத்தை மனம் நனவிலிக்குள், அதாவது நமக்கே தெரியாத மனப்பகுதிக்குள், தள்ளிவிடுவது. 1926-இல்தான், ஒடுக்கம் பல தற்காப்புகளில் ஒன்று மட்டுமே என்ற இடத்துக்குத் திரும்பி வந்தார்.

இடையில் 1923-இல் வந்ததுதான் இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்ற பிரிவு: ஆசைகள் கொதிக்கும் பகுதி, அவற்றைச் சமாளிக்கும் 'நான்', நல்லது கெட்டது சொல்லி அதட்டும் பகுதி. பாடப்புத்தகத்தில் இவை மூன்று ஆட்கள் சண்டை போடுவதுபோல வரும். அதற்குப் பின்னால் இருந்த கேள்வி காணாமல் போய்விடும். சிகிச்சைக்கு வந்தவர் சரளமாகப் பேசிக்கொண்டே வருகிறார், ஓரிடத்தில் நின்றுவிடுகிறார். "ஒன்றும் தோன்றவில்லை" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. எதையோ தடுக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. அப்படியானால் தடுப்பது யார்? ஈகோதான். ஆனால் ஈகோவின் அந்தப் பகுதியே நனவிலியில்தான் இருக்கிறது. நனவு, நனவிலி என்ற பிரிவினை மட்டும் போதாது என்று ஃப்ராய்டு உணர்ந்தது இங்கேதான்.

ஜூன் 5

அன்னா ஃப்ராய்டின் தற்காப்பு பற்றிய புத்தகம் 1936-இல் வந்தது. அப்பாவின் 80-ஆவது பிறந்தநாளுக்கு மகள் கொடுத்த பரிசு.

அதில் ஒரு சிறுமி வருகிறாள். இருட்டில் கூடத்தைக் கடக்கப் பயம், பேய் இருக்குமாம். திடீரென்று ஒருநாள் விசித்திரமாகக் கையைக் காலை ஆட்டிக்கொண்டு ஓடிக் கடந்துவிடுகிறாள். எப்படி என்று தம்பிக்கும் சொல்லித்தருகிறாள்: எதிரே வரப்போகும் பேய் நாம்தான் என்று பாவனை செய்துகொண்டால் போதும்.

இன்னொரு சிறுவன், ஆசிரியர் திட்டும்போதெல்லாம் முகத்தைக் கோணுவான். வகுப்பே சிரிக்கும். இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது: அவன் முகத்தில் இருந்தது ஆசிரியரின் கோபமுகம். பயமுறுத்துபவராகவே மாறிவிட்டால் பயம் போய்விடும். அன்னா இதை அதட்டுபவரோடு ஒன்றிவிடுதல் என்று விளக்குகிறார். அவனை அடங்காப் பிள்ளை என்று ஒதுக்கியிருந்தால் அந்தப் பயம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஜூன் 9

சித்தப்பாவின் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. நல்ல செய்தி இல்லை. சித்தி தாளை வாங்கிப் பார்த்தார், மடித்து உறைக்குள் வைத்தார். "இது வேற யாரோடதோ மாறி வந்திருக்கும்ப்பா. இவருக்கு ஒரு தலைவலிகூட வராதே" என்றார். பெயர், வயது எல்லாம் மேலே அச்சாகியிருந்தது.

வெளியே வந்ததும் தம்பி கொதித்தான். "அம்மா டினையல்ல இருக்காங்கண்ணா. மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும்."

"என்ன சொல்லுவே?"

"அதான், டினையல்னு."

ஜூன் 10

நேற்றைய பேச்சு மனசை விட்டுப் போகவில்லை. 1926-இல் ஃப்ராய்டு பதற்றத்தைப் பற்றிச் சொன்னதை இந்த இடத்தில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். ஆபத்து நெருங்குகிறது என்று ஈகோ தனக்கே தரும் சிறு எச்சரிக்கைதான் பதற்றம். அது எழுந்தவுடன் தற்காப்பு வேலையைத் தொடங்கும். ஆகவே சித்தியின் மறுப்பை, தம்பி சொன்ன அந்த டினையலை, பிடித்து இழுத்தால் உண்மை வந்து நிற்காது, பயம்தான் கூடும். பயம் கூடினால் மறுப்பும் இறுகும்.

தம்பியின் கோபமும் இடம் மாறிய கோபம்தான் என்று நினைக்கிறேன். நோய்மேல் கோபப்பட முடியாது, அம்மாமேல் முடியும். இதை அவனிடம் சொல்லப்போவதில்லை.

ஜூன் 14

அமெரிக்க மனநல மருத்துவர் ஜார்ஜ் வைலண்ட் 1977-இல் வந்த தன் புத்தகத்தில் தற்காப்புகளைப் படிப்படியாக அடுக்கியிருக்கிறார். ஹார்வர்டில் படித்த ஆண்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. நகைச்சுவை, பிறருக்கு உதவுதல், இப்போது வேண்டாம் அப்புறம் பார்க்கலாம் என்று தெரிந்தே தள்ளிவைத்தல் எல்லாம் மேல்படியில். வெளியுலக உண்மையையே மறுப்பது அடிமட்டத்தில். அடுக்கு பயனுள்ளதுதான். ஆனால் செய்தி வந்த அன்று மறுப்பதும், ஆறு மாதம் கழித்து மருந்தை மறுப்பதும் ஒன்றல்ல.

தத்துவவாதி கார்ல் பாப்பரின் ஆட்சேபத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். குழந்தையைத் தண்ணீரில் தள்ளுபவனுக்கும் அதைக் காப்பாற்ற உயிரைக் கொடுப்பவனுக்கும் ஃப்ராய்டின் கோட்பாடு ஒரேமாதிரி எளிதாக விளக்கம் சொல்லிவிடும். எதுவும் அதைப் பொய்யாக்க முடியாது என்றார். 'இல்லை' என்றால் மறுப்பு, 'ஆமாம்' என்றால் ஒப்புதல் என்று பேசுபவர்களுக்கு அவர் சொன்னது அப்படியே பொருந்தும். அதனால்தான் ஒருவரை வாயடைக்க இந்தச் சொற்களை எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆறுவதில்லை. அவருக்கு எது தாங்கவில்லை என்று தேடிப் போகத்தான் இவை பயன்பட வேண்டும்.

ஜூன் 17

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாளாகக் கூடவே உட்கார்ந்திருந்தான். இன்று சித்தியே கேட்டார்: "இன்னொரு தடவை டெஸ்ட் எடுக்கச் சொல்லலாமாடா?" டாக்டரும் சரி என்றார். மாறி வந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் கேட்கிறார், தெரியும். ஆனாலும் டாக்டர் அறைக்குள் அவராகவே வருகிறார். கேட்க வேண்டியவற்றைத் தம்பி ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறான். முதல் கேள்வி சித்தி சொன்னது: "இவருக்கு வலிக்குமா?"