பல்வலிக்காரச் செவலைக்குச் சமைத்தது

பசியில்லாத பூனை தட்டுப் பக்கமே வராது. வலியால் சாப்பிடாத பூனை அப்படியல்ல. எங்கள் செவலை, கறி வேகும் வாசனைக்கே கூடத்திலிருந்து ஓடி வருவான். ஒரு வாய் கவ்வுவான். அடுத்த நொடி தலையை ஒரு பக்கம் சாய்த்து, தட்டைப் பார்த்துச் சீறிவிட்டு ஓடிவிடுவான். கடித்தது தட்டுதான் என்று நினைத்திருப்பான் போலிருக்கிறது. தாடையில் எச்சில் ஒழுகியது, முன்னங்காலால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான், பக்கத்தில் வந்தால் வாய் நாறியது. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் தெருவில் யாரிடம் சொன்னாலும் "வயதாகிவிட்டது, பசித்தால் தானே தின்னும்" என்றார்கள்.

கால்நடை மருத்துவர் அந்தப் பேச்சைத்தான் முதலில் வெட்டினார். பூனை இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து உயிருக்கே ஆபத்தாகுமாம். பட்டினி போட்டுப் பழக்கும் வேலை பூனையிடம் ஆகாது என்றார். வாயைத் திறந்து காட்டினார். கடைவாய்ப் பக்கம் ஈறு முழுவதும் செக்கச் சிவந்து வீங்கியிருந்தது. நாட்பட்ட ஈறு அழற்சி. கடைவாய்ப் பற்களைப் பிடுங்குவதுதான் வழி. வேர் உள்ளே தங்கிவிடாமல் பார்க்கப் பல் எக்ஸ்ரே வேண்டும். பெங்களூருக்குப் போய்விடுங்கள் என்றார். தேதி கிடைக்கும்வரை வலி மருந்தும் மெத்தென்ற சாப்பாடும்.

'மெத்தென்ற' என்றதும் நம் கை தானாகப் பால் சோற்றுக்குப் போகும். என் மாமியாரும் அதைத்தான் பிசைந்தார். அவர் பாலக்கோட்டுப் பக்கம் பிறந்தவர். களி தின்றால் கல்லும் கரையும் என்பது அவர் கட்சி. ராகிக் களியைக்கூட மோரில் கரைத்து வைத்துப் பார்த்தார். "அத்தை, இவன் மாமிசம் தின்னப் பிறந்தவன், இதில் இவனுக்கு ஒன்றும் இல்லை" என்றால், "நம் வீட்டில் முன்பிருந்த பூனையெல்லாம் என்ன தின்றது?" என்பார். அவை எலி தின்றன என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குப் பால் செரிக்காது, பேதியாகும். இனிப்புச் சுவையும் பூனைக்குத் தெரியாது. ஆகவே பால் சோறு அதற்கு விருந்தே அல்ல.

கோழிதான் எளிது. ஆனால் எல்லாக் கோழிக்கறியும் ஆகாது. நெஞ்சுக்கறி வெந்ததும் நூல் நூலாகப் பிரியும். எவ்வளவு அரைத்தாலும் அந்த நார் பல்லிடுக்கில் போய் மாட்டும். செவலை சீறியது பெரும்பாலும் அதற்குத்தான். தொடைக்கறியில் கொழுப்பு இருப்பதால் வழவழப்பாக அரைபடும். டாரின் என்ற சத்தும் அதில் கூடுதல். அது போதாவிட்டால் பூனைக்கு இதயமும் கண்ணும் கெடும். கறிக்கடை பாயிடம் ஈரலோடு சேர்ந்து கிடக்கும் சின்னச் சின்ன இதயங்களையும் கேட்டு வாங்குவேன். டாரின் அதில் நிறையவே உண்டு. ஈரல் ஒரு துண்டு போதும். தினமும் ஈரலாகவே கொடுத்தால் வைட்டமின் ஏ மிஞ்சி எலும்பைக் கெடுக்கும்.

உப்பு, மஞ்சள், எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும் என்பதால் நமக்கு வைத்த குழம்பில் கறியை எடுத்துக் கழுவிப் போடுவதும் கூடாது. வெறும் தண்ணீரில் வேகவைத்து, எலும்பை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டு, சூடு இருக்கும்போதே மிக்ஸியின் சட்னி ஜாரில் அரைக்க வேண்டும். ஆறினால் திரிதிரியாக வரும். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், டாரின் அதில்தான் இறங்கியிருக்கிறது. அதையே ஊற்றி அரையுங்கள். பதம் இட்லி மாவு மாதிரி. அதைவிடத் தளர்த்தினால் நக்குவதற்குச் சுலபம்தான், ஆனால் வயிறு தண்ணீரால் நிரம்பிவிடும், எடை இறங்கும். நான் கிண்ணத்தை அளக்காமல் கறியை அளந்தேன். வாரந்தோறும் அவனைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, பிறகு இறக்கிவிட்டு நான் மட்டும் ஏறிக் கழித்துப் பார்ப்பேன். என் எடை பற்றி இங்கே பேச்சில்லை.

கறியை மட்டும் நம்பி மாதக்கணக்கில் ஓட்ட முடியாது. எலும்பில்லாத கறியில் சுண்ணாம்புச் சத்து கிட்டத்தட்ட இல்லை. அதனால் பாதிக்குப் பாதி கடையில் விற்கும் பூனை உணவு. பாக்கெட்டின் பின்புறம் 'முழுமையான உணவு' என்ற பொருளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சில ஈரப் பாக்கெட்டுகள் வெறும் துணை உணவுதான். உலர் உருண்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் உப்பிவிடும். ஆனால் நடுவில் ஒரு கெட்டி விதை நிற்கும். அதையும் நசுக்கியே ஆகவேண்டும். அந்த ஒரு விதைக்காக முழுத் தட்டையும் வெறுத்துவிடுவான்.

அணை மீனும் செய்தேன். கிருஷ்ணகிரி அணையிலிருந்து வரும் ஜிலேபி மீன் ஆவியில் வெந்தால் முள் லேசாகக் கழன்றுவரும். வாசனைக்காக ஒரு ஸ்பூன் மேலே வைப்பேன், அவ்வளவுதான். பச்சை மீனைப் போடுவதில்லை.

எல்லாவற்றையும்விட வேலை செய்தது சூடுதான். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கூழை அவன் ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். பூனையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38 டிகிரி. புதிதாகப் பிடித்த எலியும் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் இருக்கும். கிண்ணத்தை வெந்நீரில் நிறுத்தி, மணிக்கட்டில் தடவிப் பார்த்து, வெதுவெதுப்பு தெரிந்தால் தட்டையான தட்டில் பரப்பி வைப்பேன். ஆழக் கிண்ணத்தில் முகத்தை நுழைக்க அவனுக்கு வலித்தது. வலி மருந்து கொடுத்துச் சற்று நேரம் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை. கோடைக்காலத்தில் ஒரு மணி நேரத்தில் மீதியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். எறும்புக்குத் தட்டைச் சுற்றித் தண்ணீர் விட்ட தாம்பாளம்.

இன்னொன்று. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா, பாவம் பார்த்து, பாராசிட்டமால் மாத்திரையில் பாதியை உடைத்துக்கொண்டு வந்தார். பூனைக்கு அது விஷம். ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். மனிதர்களின் வலி மாத்திரை எதையும் கூழில் கலக்காதீர்கள்.

புரட்டாசி பிறந்ததும் வீட்டில் சண்டை. எங்கள் வீட்டில் அந்த மாதம் கறி வாசனையே கூடாது. பின்கட்டில் ஒரு பழைய அடுப்பு, ஒரு தனிப் பாத்திரம், தனி ஜார் என்று ஏற்பாடு ஆனது. சனிக்கிழமை நான் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரலாம்.

அறுவைச் சிகிச்சையைப் பற்றி எழுத அதிகமில்லை. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு மயக்க மருந்து கொடுத்தார்கள். கோரைப் பற்களை விட்டுவிட்டுக் கடைவாய்ப் பற்களை எல்லாம் எடுத்தார்கள். தையல் தானே கரைந்துவிடும் வகை. மறுநாளே கூழை நக்கினான். ஈறு ஆறும்வரை அதே பதம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டி.

இப்போது உலர் உருண்டையையே மெல்லாமல் அப்படியே விழுங்குகிறான். எதிர்த்த வீட்டுத் திண்ணையில் வைத்ததையும் சேர்த்து. கூழுக்கு வேலையில்லை. ஆனால் அந்தச் சட்னி ஜாரை எத்தனை முறை வெந்நீரில் கழுவினாலும் அத்தை சமையலறைக்குள் விடுவதாக இல்லை. புதிது வாங்கியாயிற்று.