கார்டுக்கு முன்னால் கரண்ட்: பத்து வருடக் கேமிங் கம்ப்யூட்டரைத் தேற்றியது

2015-ல் காலேஜ் படிக்கும்போது வாங்கிய பெட்டி இது. ஐ5-4460 பிராசசர், எச்81 சிப்செட் மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், 2 ஜிபி ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு. நடுவில் ஒரு தடவை ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிவிட்டு சாட்டா எஸ்எஸ்டி போட்டேன், மற்றபடி கை வைக்கவே இல்லை. ஜிடிஏ 5 முழுவதையும் இதில்தான் முடித்தேன். போன தை மாதம் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போட்டபோது, எல்லாவற்றையும் குறைத்து வைத்தும் படம் விட்டு விட்டு நகர்ந்தது, அரைமணி நேரம் ஆடினால் ஃபேன் சத்தம் கூடத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டது. சரி, கார்டுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எங்கள் வீடு நீடாமங்கலம் பக்கம், வாசலுக்கு எதிரே வயல், தை பிறந்தால் அறுப்பு மெஷின் ஓடும், ரோட்டில் வைக்கோல் காயும். அந்தச் சுணை ஜன்னல் வழியாக வந்து வந்து பிராசசரின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கின் இடுக்கு முழுவதும் கம்பளித் துண்டு மாதிரி அடைத்திருந்தது. விரலால் பிடித்து இழுத்தால் தகடாக வந்தது. அடியில், பிராசசரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. பெயின்ட் பிரஷ், ஒரு சின்ன ப்ளோயர், புதுப் பேஸ்ட், இவ்வளவுதான் செலவு. (ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுற்றவிடாதீர்கள்.) முன்பு 100 டிகிரியைத் தொட்டு, 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. துடைத்த பிறகு 70-ஐத் தாண்டவில்லை. பழைய பெட்டி வைத்திருக்கிற யாராக இருந்தாலும் பார்ட்ஸ் விலை பார்ப்பதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

சூடு போனது, ஆனால் திக்கித் திக்கி ஓடுவது முழுதாகப் போகவில்லை. கும்பகோணத்தில் இருக்கிற அத்தை மகன், "மாப்ள, கார்டு ஒண்ணு மாத்துனா போதும், என்னோடது எடுத்துட்டு வர்றேன், போட்டுப் பாரு" என்று அவனுடைய ஆர்எக்ஸ் 580-ஐக் கொண்டுவந்தான். அதற்கு 185 வாட் வேண்டும், தனியாக 8 பின் வயரும் வேண்டும். என் 750 டிஐக்கு 60 வாட்தான், ஸ்லாட்டில் வருகிற கரண்டிலேயே ஓடிவிடும். என் எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) அந்த 8 பின் வயரே கிடையாது. அதன் லேபிளை அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். மேலே பெரிதாக 450 வாட் என்று இருந்தது, 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்பியர் என்று இருந்தது. 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். பிராசசரும் கார்டும் கேட்பது இந்த 12 வோல்ட்டில்தான், அதனால் மேலே போட்டிருக்கிற 450-ஐ நம்பி ஒரு கணக்கும் போடக்கூடாது. கடைசியில் அவனுடைய எஸ்எம்பிஎஸ்ஸையும் கழற்றி வந்து, கேபினட்டுக்கு வெளியே மேஜையில் வைத்து மாட்டினோம்.

ஆஃப்டர்பர்னர் என்ற, வேகத்தை அளந்து காட்டும் சாஃப்ட்வேரில் எண்களை ஓடவிட்டு, ஜிடிஏவில் ஊருக்கு நடுவே ஒரே தெருவை ஐந்து தடவை காரில் சுற்றினேன். என் கார்டில் சராசரி 52 எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்கு இத்தனை படம்), திக்கும்போது 24. அவன் கார்டில் சராசரி 74, திக்கும்போது 26. சராசரி ஏறியது, ஆனால் கண்ணை உறுத்துகிற அந்த அடிமட்ட எண் அசையவே இல்லை. பிராசசரின் நான்கு கோரும் 100 சதவீதத்தில் நின்றன, ரேமும் 8 ஜிபியில் ஏழரைக்கு மேல் நிரம்பியிருந்தது. திக்குவதற்குக் காரணம் கார்டு இல்லை, இவை இரண்டும்தான். இந்த ஒரு சாயங்காலச் சோதனை இல்லையென்றால் பணம் முழுவதையும் கார்டில் போட்டிருப்பேன்.

பட்ஜெட் 30,000 ரூபாய். மலிவான வழி ஒன்று இருந்தது, செகண்ட் ஹேண்டில் ஐ7-4790. அதே சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்), நான்கு கோர் எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் எட்டு வேலை), கூட இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3. இரண்டு நாள் அதையே யோசித்தேன். ஆனால் எச்81 போர்டில் கார்டு ஸ்லாட் பிசிஐஇ (கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் பாதை) 2.0 வேகம்தான், ஆர்எக்ஸ் 6400 மாதிரி அந்தப் பாதையில் நான்கே லேன் (தடம்) உள்ள சின்ன கார்டைப் போட்டால் பாதி உயிர் அங்கேயே போய்விடும், ரேமும் 16 ஜிபிக்கு மேல் ஏறாது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 11-ஓ இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் ஏற்காது, இந்த ஐ5, ஐ7 இரண்டுமே நான்காம் தலைமுறை. வழி அடைத்த இடத்தில் காசைக் கொட்ட மனம் வரவில்லை.

அதனால் ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசசர், பி550 போர்டு, டிடிஆர்4 3200 ரேம் 8+8 என்று முடிவு செய்தேன். தஞ்சாவூர்க் கடையில் 5600ஜி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், கார்டு இல்லாமலே படம் வரும் என்றார்கள். உண்மைதான், ஆனால் கார்டு போடப்போகிறவனுக்கு அது தேவையில்லை. 5600-ல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) 32 எம்பி, 5600ஜியில் 16 எம்பி, கேமில் அது நன்றாகவே தெரியும். பிசிஐஇயும் 5600ஜியில் 3.0-ஓடு நின்றுவிடும். ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 பக்கம் போகவில்லை, அதற்கு டிடிஆர்5தான் வேண்டும், பட்ஜெட் தாங்காது.

எஸ்எம்பிஎஸ்ஸில்தான் அதிக நேரம் செலவிட்டேன். குறுவை நடவு சமயத்தில் சுற்றுவட்டாரத்தில் போர் மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும், சாயங்காலம் ஏழு மணிக்கு மல்டிமீட்டரை வைத்தால் 178 வோல்ட் காட்டும். என் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளில் இன்புட் 200-லிருந்து 240 வரை என்றுதான் இருந்தது. ஆனி மாதம் கேம் நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆனதற்கெல்லாம் விண்டோஸைத் திட்டிக்கொண்டிருந்தேன், காரணம் இங்கே இருந்திருக்கிறது. அதனால் 550 வாட், 80 ப்ளஸ் பிரான்ஸ் (கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான தரச் சான்று), இன்புட் 100-240 என்று பெட்டியிலேயே அச்சடித்திருப்பதைக் கடையில் நின்று படித்துப் பார்த்து வாங்கினேன். டெல்டாவில் இருப்பவர்கள் இந்த ஒரு வரியைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். மாட்டிய பிறகு அதே ஏழு மணிக்கு, 180 வோல்ட்டில், இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன், ஒரு தடவைகூட ரீஸ்டார்ட் ஆகவில்லை.

கார்டுக்குக் காசு மிச்சமில்லை, பழைய 750 டிஐயே புதுப் போர்டில் உட்கார்ந்திருக்கிறது. அதே தெரு, அதே ஐந்து சுற்று: சராசரி 58, திக்கும்போது 44. 24 எங்கே, 44 எங்கே! ரெட் டெட்டில் இன்னும் கார்டு 99 சதவீதத்தில் திணறுகிறது, அது எதிர்பார்த்ததுதான். அடுத்து ஆர்எக்ஸ் 6600. 132 வாட்தான், 8 ஜிபி இருக்கிறது, எட்டு லேனும் 4.0 வேகத்தில் ஓடும், இந்த எஸ்எம்பிஎஸ்ஸே தாராளமாகப் போதும். சம்பா நெல் காசு வந்ததும் வாங்குவதாக இருக்கிறேன்.

கேபினட்டின் முன் ஃபேனுக்கு வெளியே பழைய கொசுவலையில் ஒரு துண்டை வெட்டி, ஓரத்தில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன். குறுவை அறுப்பு முடிந்த வாரம் கழற்றிப் பார்த்தேன். வலை முழுக்கச் சுணை, உள்ளே ஹீட்சிங்க்கில் ஒரு பொட்டு இல்லை.