டெட் தேர்வில் அந்த 30 மதிப்பெண்: உளவியலை நான் இரண்டாம் முறை படித்த விதம்

ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 கேள்விகள். அதில் 30 குழந்தை உளவியல். முதல்முறை எழுதியபோது எனக்குக் கிடைத்தது 13. நன்றாகப் படித்த பகுதி என்று நான் நம்பியிருந்ததே அதுதான். கற்றலை ஆராய்ந்த உளவியலாளர்களும் அவர்கள் சோதனைக்கு எடுத்த விலங்குகளும்: பாவ்லோவ் என்றால் நாய், தார்ண்டைக் என்றால் பூனை, கோலர் என்றால் சிம்பன்சி, ஸ்கின்னர் என்றால் எலி, புறா. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் இதை அட்டவணையாக எழுதி ஒட்டியிருந்தேன். தேர்வில் எனக்கு வந்த கேள்விகளில் பல, "மாணவன் இப்படிச் செய்கிறான், இது எதைக் காட்டுகிறது?" என்ற வகை. பெயர் தெரிந்தும் பதில் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் அழுகை வந்துவிட்டது.

அடுத்த முறை கைடைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு வீட்டிலிருந்த குழந்தையைக் கவனித்தேன். அக்கா மகனுக்கு அப்போது ஐந்து வயது. ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றினேன். "ரெண்டும் ஒண்ணுதான் சித்தி" என்றான். அவன் கண்ணெதிரிலேயே ஒன்றை ஒல்லியான, உயரமான கண்ணாடி கிளாஸில் மாற்றினேன். "இதுலதான் நிறைய!" திரும்ப டம்ளரில் ஊற்றினால் சமம் என்கிறான். மறுபடி கிளாஸில் ஊற்றினால் மறுபடியும் நிறைய. கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை அவனுக்கு. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டிய உளவியலாளர் பியாஜே சொன்ன மனச்செயல்பாட்டுக்கு முந்தைய நிலை, அதாவது 2 முதல் 7 வயது, எனக்கு அன்றுதான் புரிந்தது. குழந்தை உயரத்தை மட்டும் பார்க்கிறது, அகலத்தையும் சேர்த்துப் பார்க்க அதற்கு வரவில்லை. ஊற்றியதை மனதுக்குள் திருப்பி ஊற்றிப் பார்க்கவும் முடியவில்லை. இது பிடிபட்டால் களிமண் உருண்டையைத் தட்டையாக்கும் கேள்வி, நாணயங்களைத் தள்ளித் தள்ளி அடுக்கும் கேள்வி எல்லாம் ஒரே கேள்விதான். தயவுசெய்து ஒருமுறை செய்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பிறர் துணையோடுதான் குழந்தை வளர்கிறது என்ற உளவியலாளர் வைகாட்ஸ்கியின் கருத்தைக் கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் நேரில் பார்த்தேன். ஒரு அப்பா வலை சரிசெய்துகொண்டிருந்தார். மகன் முதலில் வலையை இழுத்துப் பிடித்தான். பிறகு அப்பா முடிச்சைத் தொடங்கிக் கொடுக்க, இவன் இறுக்கினான். கொஞ்ச நேரத்தில் ஊசி இவன் கைக்கே வந்துவிட்டது. தனியாக முடியாது, தெரிந்தவர் துணையிருந்தால் முடியும். அந்த இடைவெளிதான் அண்மை வளர்ச்சி மண்டலம். தேவைக்கேற்ப உதவி கொடுத்து, மெல்ல விலக்கிக்கொள்வது சாரம் அமைத்தல். (அந்தச் சொல்லை 1976இல் வுட், புரூனர், ராஸ் மூவரும் கொண்டுவந்தார்கள். தேர்வில் பெரும்பாலும் வைகாட்ஸ்கியோடு சேர்த்தே கேட்பார்கள்.)

நிறையப் பேர் வழுக்கும் இடம் ஒன்று: எதிர்மறை வலுவூட்டல் தண்டனை ஆகாது. கொசுவத்தி கொளுத்துகிறோம், கடி நிற்கிறது, மறுநாளும் தவறாமல் கொளுத்துகிறோம். தொல்லை ஒன்று விலகியதால் நம் செயல் வலுப்பட்டது. தண்டனை செயலைக் குறைக்கும். "செயல் கூடியதா, குறைந்ததா?" என்று முதலில் கேளுங்கள்.

கற்றல் நோக்கங்களை எளியதிலிருந்து கடினமானது வரை அடுக்கும் ப்ளூமின் வகைப்பாட்டுக்கு அதிக நேரம் வேண்டாம். 1956 வரிசையில் உச்சியில் மதிப்பிடுதல், 2001 திருத்தத்தில் படைத்தல். இந்த வித்தியாசம் போதும்.

கற்றல் கோட்பாடுகளை மனப்பாடம் செய்த நான், அவற்றின்படி படிக்கவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். நினைவாற்றலை ஆராய்ந்த உளவியலாளர் எபிங்காஸ் 1885இலேயே, பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, படித்த சிறிது நேரத்திலேயே மறதி வேகமாக இறங்குவதைக் காட்டிவிட்டார். நானோ ஒரு பாடத்தை ஒரே நாளில் நான்கு முறை படித்துவிட்டு, ஒரு மாதம் திரும்பிப் பார்க்க மாட்டேன். இரண்டாம் முறை, படித்ததும் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதினேன். மறுநாள், நான்காம் நாள், பிறகு ஒரு வாரம் கழித்து மறுபடி. வேலைக்குப் புதுச்சேரி போகும் பஸ்ஸில் தோழியும் நானும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொள்வோம். தவளக்குப்பம் தாண்டுவதற்குள் பத்து கேள்வி என்று கணக்கு. பதில் வராமல் திணறும்போது எரிச்சலாக இருக்கும். அப்படித் திணறிப் பிடித்த பதில்கள்தான் தேர்வறையில் உடனே வந்தன.

அந்த முறை உளவியலில் 25. கடைசி இரண்டு வாரம் பழைய வினாத்தாள்களை மட்டும் போடுங்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் உங்கள் தெருக் குழந்தை ஒன்றை உதாரணமாக எழுதி வையுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் எந்தக் கேள்வியையும் காலியாக விடாதீர்கள்.