கொலோன் பேராலயத்தின் வடபுறச் சாளரங்கள்

கண்ணில் படர்ந்த புரை நீங்கிப் பார்வை தெளிந்தால், குழந்தை இயேசுவை வணங்க வந்த மூன்று இராசாக்களின் திருப்பண்டங்கள், அதாவது அவர்களுடையவை என்று போற்றப்படும் எலும்புகள், இருக்கும் கொலோன் பேராலயத்திற்கு வந்து மெழுகுதிரி ஏற்றுவதாக அம்மா நேர்ந்துகொண்டிருந்தார். ஆண்டுதோறும் சனவரி 6 அன்று மூவரசர் திருநாள் முடிந்த பிறகே எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் குடிலைப் பிரிப்போம். அந்தப் பக்தியில் வந்த நேர்ச்சை அது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததும், நான் வேலை செய்யும் ஜெர்மனிக்கு அவரை அழைத்துவந்தேன்.

ரயில் தாமதமானதால் குளிரில் இரண்டு மணி நேரம் நடைமேடையில் நிற்க வேண்டியிருந்தது. அம்மா செபமாலையை விடவில்லை. நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே 157 மீட்டர் உயரக் கோபுரங்கள் எதிரே நின்றன. ஆனால் நிமிர்ந்து வணங்குவதற்குள், கையில் கயிற்றைக் கட்டிவிட்டுக் காசு கேட்பவர்களும் கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டுபவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். ஆண்டவருடைய வாசலிலேயே இப்படி ஒரு தொல்லை இருப்பது மிகவும் வருத்தமாக இருந்தது. உள்ளேயும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்த கூட்டம்தான். சிவப்பு அங்கி அணிந்த காவலர் ஒருவர் அமைதி காக்கும்படி எல்லாரையும் கேட்டுக்கொண்டே நடந்தார்.

1164-இல் மிலான் நகரிலிருந்து கொண்டுவரப்பட்ட திருப்பண்டங்கள் இருக்கும் பொற்பேழையைக் கம்பித் தடுப்புக்கு இப்பால் நின்றுதான் தரிசிக்க முடிந்தது. அதற்கும் மேலே, ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட உயர்ந்த சாளரங்களில் 48 அரசர்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுச் சாளரத்தில் மூவரசர் பாலனை வணங்குகிறார்கள்.

அம்மாவின் கால்கள் தாமாக நின்ற இடம் வேறு. வடக்கு நடைபாதையில் 1507 முதல் 1509 வரை செய்யப்பட்ட ஐந்து பெரிய சாளரங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று, பேராயர் பிலிப் ஃபான் டவுன் காணிக்கையாக அளித்தது. வடக்கு நோக்கிய சாளரமாதலால் வெயில் நேரே விழவில்லை. நிறங்கள் கண்ணைக் கூசச் செய்யாமல் அமைதியாக ஒளிர்ந்தன. நான் விளக்கம் சொல்ல வாயெடுக்கும் முன்பே, சாவி ஏந்திய திருவுருவத்தைப் பார்த்து, "நம்ம இராயப்பர்டா!" என்றார் அம்மா. விண்ணகத்தின் சாவியைப் பெற்ற புனித பேதுருவைத்தான் அப்படிச் சொன்னார். ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லும் அறியாத அவருக்கு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கைவினைஞர் அந்தச் சாவி ஒன்றினாலேயே பேசிவிட்டார். அதே சாளரத்தில் ஈசாயின் மரமும் இருக்கிறது. தாவீது அரசரின் தந்தையான ஈசாய் என்னும் அடிமரத்திலிருந்து தளிர் துளிர்க்கும் என்ற இறைவாக்கை அக்காலத்தார் அப்படியே ஒரு கொடியாகப் படரவிட்டு, கிளைதோறும் அரசர்களை அமர்த்தி, உச்சியில் மலராக மாதாவையும் பாலனையும் வைத்தார்கள். அம்மா அந்தக் கொடியை விரலால் காற்றில் தொடர்ந்துகொண்டே மேலே போனார். புரை நீங்கிய கண்ணில் நீர் தளும்பியது.

கண்ணாடியை உடைக்காமல் ஒளி ஊடுருவுவதைப் போலவே கன்னிமை குன்றாமல் மரியா இறைமகனைப் பெற்றார் என்று இடைக்காலத்துப் பக்தர்கள் தியானித்தார்கள். நான் இதை நூல்களில் பலமுறை படித்திருக்கிறேன். ஆனால் மங்கலான அந்த முற்பகலில், நீலமும் சிவப்பும் கலந்த ஒளி அம்மாவின் வெள்ளை முக்காட்டின்மேல் ஓசையின்றி வந்து தங்கியபோதுதான் அதன் பொருள் எனக்கு உள்ளே இறங்கியது. சாளரத்தில் தெரியும் பொன்மஞ்சள், வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியில் பூசிச் சூளையில் சுட்டு ஏற்றிய நிறம். முகங்களின் சுருக்கத்தையும் தாடியின் இழைகளையும் கருவண்ணத்தால் தீட்டி, துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைத்திருக்கிறார்கள். கீழே நிற்பவர் கண்ணுக்கு எட்டாத உயரத்திலும் அதே கவனம். அதை வேண்டுதல் என்றே நான் எண்ணுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் இப்பேராலயத்தின்மேல் குண்டுகள் பல விழுந்தன. இடைக்காலக் கண்ணாடிகளை முன்கூட்டியே கழற்றிப் பாதுகாப்பாக வைத்திருந்ததால்தான் அவை தப்பின. இதைச் சொன்னபோது அம்மா கைகூப்பினார். எனக்கும் வேறெதுவும் பேசத் தோன்றவில்லை. ஆண்டவரே, உமக்கு நன்றி, நன்றி என்று மட்டுமே மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

பக்தர்கள் அளித்த காணிக்கை நகைகளை அணிந்து நிற்கும் மாதாவின் முன் அம்மா இரண்டு மெழுகுதிரிகளை ஏற்றினார். ஒன்று நேர்ச்சைக்கு. மற்றொன்று எதற்கு என்று கேட்டேன்.

"அந்தக் கண்ணாடியெல்லாம் உடையாம இறக்கி வச்சாங்களே, அவங்களுக்கு."