ஆஸ்திரேலியன்னா யாரு?

பக்கத்து வீட்டுப் பெரியவர்கிட்ட ஒருநாள் வேலியோரமா நின்னு நேராவே கேட்டுட்டேன், ஆஸ்திரேலியன்னா உங்களுக்கு என்ன அர்த்தம்னு. மனுஷன் யோசிக்கவே இல்ல, "எல்லாருக்கும் ஃபேர் கோ குடுக்கணும், அவ்ளோதான்"னுட்டார். யாரா இருந்தாலும் நியாயமா ஒரு வாய்ப்பு குடுன்னு அர்த்தம். சிட்னி வந்த நாள்லேர்ந்து ஆபீஸ், பஸ், கடைன்னு எல்லா இடத்துலயும் இந்த வார்த்தைய கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்.

அதே பெரியவர் ஏப்ரல் 25, போர்ல செத்த வீரர்கள நினைக்கிற ஆன்சாக் டே அன்னைக்கு, என்னையும் விடியக்காலை இருட்டுல அஞ்சலி கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனார். அவங்க தாத்தா முதல் உலகப் போர்ல, 1915ல துருக்கியோட கலிப்போலில சண்டை போட்டவராம், அவரோட மெடல வலது பக்க நெஞ்சுல குத்தியிருந்தார், சொந்த மெடல்னாதான் இடது பக்கமாம். பியூகிள் ஊதினப்ப அவர் தாடை நடுங்குனத பாத்தேன், எனக்கும் தொண்டை அடைச்சிடுச்சு, எனக்கும் அந்தப் போருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னாலும்.

ஆனா ஒண்ணு. 1901ல இந்த நாடு ஒண்ணா சேர்ந்த அதே வருஷம்தான் வெள்ளையர் இல்லாதவங்கள தடுக்க சட்டமும் போட்டாங்க, ஏதோ ஒரு ஐரோப்பிய மொழில 50 வார்த்தை சொல்லுவாங்க, அத தப்பில்லாம எழுதணும், ஆபீசர் நெனச்சா நமக்குத் தெரியாத மொழியாப் பாத்து எடுப்பார். இந்த டெஸ்ட் 1958 வரைக்கும் இருந்துச்சு. எங்க தாத்தா வந்திருந்தா கப்பலோட திருப்பி அனுப்பியிருப்பாங்க. ஃபேர் கோன்னு சொன்ன ஊர்தான் இதுவும். இன்னைக்கு 2021 சென்சஸ் படி நாலுல ஒருத்தருக்கு மேல வெளிநாட்டுல பொறந்தவங்க, அந்த வார்த்தைக்குள்ள இப்பதான் நாங்கல்லாம் வந்திருக்கோம்.

எனக்கு சிட்டிசன்ஷிப் குடுத்தது ஒரு ஜனவரி 26ல, இங்க அது ஆஸ்திரேலியா டே. இந்திய பாஸ்போர்ட்ட விடணுமேன்னு மனசு கனத்தாலும், கவுன்சில் ஹால்ல உறுதிமொழி சொல்லி முடிச்சு கைல ஒரு சின்ன பாட்டில்பிரஷ் செடி குடுத்தப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சு. மறுநாள் ஆபீஸ்ல எல்லாரும் கைகுடுத்தாங்க, கூட வேலை பாக்குற அபோரிஜினல் அக்கா ஒருத்தங்க, இந்த மண்ணோட பூர்வகுடி, அவங்க மட்டும் லஞ்ச் டைம்ல தனியா வந்து, "உனக்காக சந்தோஷம்தான்ப்பா, ஆனா 1788ல பிரிட்டிஷ்காரங்க கப்பல்ல வந்து எங்க மண்ணப் பிடிச்ச நாள் அது, எங்க ஆளுங்க 1938லயே அத துக்க நாளா அறிவிச்சவங்க"ன்னாங்க. கோவமே இல்லாம சொன்னாங்க, அதான் ரொம்ப நாள் உறுத்துச்சு. ஆஸ்திரேலியன்னா யாருன்னு நான் கேக்க வேண்டிய மொத ஆளே அவங்கதான், எனக்குத் தோணவே இல்ல பாருங்க.

அந்தச் செடி இப்ப என் தோள் உயரம், சிவப்பா பூக்குது. சிட்டிசன் ஆன நாளுக்கு வருஷா வருஷம் வீட்டுல வைக்கிற பாயாசத்த 27ஆம் தேதிக்கு மாத்திட்டோம்.