கைப்பிடியின் கூலி

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. பாலிஷ் போடும் அண்ணன் எவர்சில்வர் குழாயை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"240-இன் கோடு இன்னும் போகவில்லை தம்பி."

எனக்கு ஒரு கோடும் தெரியவில்லை. அவர் மறுபடி பெல்ட்டில் வைத்துவிட்டார்.

எங்கள் மாடிப்படிக் கைப்பிடிக்கான 304 ரகக் குழாய் அது. 180, 240, 320, 400, 600 என எண் ஏற ஏற, பெல்ட்டில் ஒட்டியிருக்கும் எமரி என்ற தேய்ப்புப் பொடி நுண்மையாகும். ஒவ்வொரு முறையும் முந்தைய கோட்டுக்குக் குறுக்கே தேய்க்கிறார். அப்போதுதான் பழைய கோடு மிச்சமிருந்தால் கண்ணில் படும். நடுவில் ஓர் எண்ணைத் தாண்டினால், கடைசியில் வரும் பஞ்சுச் சக்கரமும் பச்சை நிறப் பாலிஷ் கட்டியும் அந்தக் கீறலை அழிக்காது. கீறலையும் சேர்த்துப் பளபளக்க வைத்துவிடும்!

குழாயை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் அழுத்தி நின்றால் சூடேறி நிறம் மாறும், உருளை தட்டையாகும். சாதா இரும்பைத் தேய்த்த சக்கரம் இதில் படவே கூடாது. ஒட்டிய இரும்புத் துகள் பின்னாளில் துருப் புள்ளியாக வரும்.

பாலிஷ் கூலியில் நாம் பேரம் பேசிக் குறைப்பது அந்த நடு எண்களைத்தான்.

அண்ணன் மூக்கில் ஒரு துண்டு மட்டுமே கட்டியிருந்தார். உலோகப் பொடியும் பஞ்சு நூலும் பறக்கும் இடம் அது. நல்ல முகக்கவசத்தின் விலையும் கூலிக் கணக்கில் சேர வேண்டும். நான் சேர்த்தே கொடுக்கப்போகிறேன். கைப்பிடி செய்யக் கொடுக்கும் நண்பர்களே, நீங்களும் கேட்டுச் சேர்த்துக் கொடுங்கள்.